லெப்பர்ட் கெக்கோ, பியர்டட் டிராகன், கிரெஸ்டட் கெக்கோ: வீட்டில் வளர்க்க எந்தப் பல்லி?

என் சித்தி மகள் கனடாவில் பிராம்ப்டனில் இருக்கிறாள். போன மாதம் போன் செய்து, "அக்கா, பையன் பல்லி வேணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறான். கடையில மூணு விதம் காட்டுறாங்க, எதை வாங்கட்டும்?" என்று கேட்டாள். மிசிசாகாவில் எங்கள் வீட்டில் 11 வருடமாகப் பல்லிகள் இருக்கின்றன. அவள் சொன்ன மூன்று வகையையும் வளர்த்திருக்கிறேன், ஒரு வகையை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கவும் வைத்திருக்கிறேன். அரை மணி நேரம் பேசியும் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் தீர்ப்பு. இதுவரை பல்லியே வளர்க்காத வீடு என்றால் லெப்பர்ட் கெக்கோ. பகலில் யாராவது வீட்டில் இருப்பீர்கள், கையில் எடுத்துக் கொஞ்ச வேண்டும், செலவுக்கும் தயங்க மாட்டீர்கள் என்றால் பியர்டட் டிராகன். உயிருள்ள பூச்சிகளை வீட்டுக்குள் கொண்டுவரவே பிடிக்காது, ஆனால் கோடையிலும் வீடு குளுமையாக இருக்கும் என்றால் கிரெஸ்டட் கெக்கோ. மூன்றில் எது அழகு என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள், மூன்றும் அழகுதான். உங்கள் வீட்டின் சூடு, நீங்கள் வீட்டில் இருக்கும் நேரம், பூச்சியைத் தொடும் மனசு, இந்த மூன்றையும் வைத்து முடிவு செய்யுங்கள்.

பியர்டட் டிராகனில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கடைக்குப் போகிறவர்கள் முதலில் மயங்குவது அதனிடம்தான். ஆஸ்திரேலியாவின் உட்பகுதி வறண்ட நிலத்துப் பிராணி. நம் ஊர் ஓணானுக்கு உறவு. தாடைக்குக் கீழே முள் முள்ளாகத் தோல், கோபம் வந்தால் அது உப்பிக் கறுத்துப்போகும். அதுதான் தாடி. வாலோடு சேர்த்து ஒன்றரை அடிக்கு மேல் வளரும். பகலில் விழித்திருக்கும், மனிதர்களைக் கவனிக்கும். ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாக வட்டமாக ஆட்டும், டாட்டா காட்டுவது போலவே இருக்கும். அது பணிந்துபோகிறேன் என்று சொல்லும் சைகை. ஆண் என்றால் தலையை மேலும் கீழும் வேகமாக ஆட்டித் தன் இடம் என்று காட்டும். தோளில் உட்கார்ந்தபடி நான் கீரை ஆய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த மூன்றில் நாய், பூனைக்குச் சமமான துணை என்று சொன்னால் அது இதுதான்.

ஆனால் செலவும் வேலையும் மூன்றில் அதிகம் இதற்குத்தான். வளர்ந்த ஒன்றுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள கூண்டு வேண்டும். ஒரு மூலையில் வெயில் காயும் கல் 40 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்க வேண்டும், எதிர் மூலை 25 டிகிரி போல இருக்க வேண்டும். அதற்கு ஒரு பல்பு. அதோடு யூ.வி.பி. என்ற புற ஊதாக் கதிர் தரும் நீளக் குழல் விளக்கு ஒன்று. இந்த இரண்டாவது விளக்கைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். நானும் கோட்டைவிட்டேன்.

எங்கள் முதல் டிராகனை வாங்கும்போது கடையில் சுருள் வடிவ பல்பு ஒன்றைக் கொடுத்து, இது போதும் என்றார்கள். ஒளி நன்றாகத்தான் இருந்தது. எட்டு மாதம் கழித்து ஒரு நாள் கிரிக்கெட் பூச்சியைக் கவ்வியது, மெல்ல முடியாமல் கீழே விட்டது. கையில் எடுத்து விரலால் கீழ்த்தாடையைத் தொட்டுப் பார்த்தேன், அழிரப்பர் மாதிரி வளைந்தது. எலும்பில் சுண்ணாம்புச் சத்தே இல்லை. யூ.வி.பி. கதிர் தோலில் பட்டால்தான் உடம்பு வைட்டமின் டி3 செய்யும், டி3 இருந்தால்தான் தின்ற கால்சியம் எலும்பில் சேரும். பல்பின் வெளிச்சம் அப்படியே இருக்கும்போதே அதன் யூ.வி.பி. தேய்ந்துபோகிறது, நம் கண்ணுக்குத் தெரியாது. ஜன்னல் வெயிலும் உதவாது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். மருத்துவர் கால்சியம் மருந்து கொடுத்து, விளக்கை மாற்றச் சொல்லி, அது பிழைத்தது. தாடை கோணல் மட்டும் கடைசிவரை இருந்தது. அதற்கப்புறம் குழல் விளக்கில் வாங்கிய தேதியை மார்க்கரால் எழுதி வைக்கிறேன், 12 மாதம் ஆனதும் எரிந்துகொண்டிருந்தாலும் கழற்றிவிடுகிறேன்.

சாப்பாடு வயதுக்கு வயது மாறும். குட்டியாக இருக்கும்போது பெரும்பங்கு பூச்சி, கொஞ்சம் கீரை. வளர்ந்த பின் அது தலைகீழாகும். நம் சமையலறைக்கு இது ஒத்துவரும். கடுகுக்கீரை, டாண்டிலியன் இலை, கறிக்கு நறுக்கும் பூசணியில் ஒரு துண்டைத் துருவிப் போடலாம். பாலக் அடிக்கடி வேண்டாம், அதில் உள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அவகாடோ கூடவே கூடாது. இங்கே ஜூலை மாதம் தோட்டத்தில் மின்மினி பறக்கும், குழந்தைகள் ஆசையாகப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அதைப் போட்டுவிடாதீர்கள், ஒரே ஒரு மின்மினி ஒரு டிராகனைக் கொன்றுவிடும்.

சரி, லெப்பர்ட் கெக்கோ. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஓரம் இதன் சொந்த இடம். கல்லும் புதருமான வறண்ட நிலம். மஞ்சளில் கறுப்புப் புள்ளி, பருத்த வால். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது, இதற்கு உண்டு. கண்ணை மூடித் தூங்கும்போது முகத்தில் சிரிப்பு இருப்பது போலவே தோன்றும். விரலில் ஒட்டும் பட்டை இல்லாததால் கண்ணாடியில் ஏறாது, அதனால் தப்பித்து ஓடுவதும் குறைவு. முக்கால் அடி நீளம், 60 கிராம் போல எடை, நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 வருடம் ஆயுள். பத்து வயதுப் பிள்ளைக்கு இன்று வாங்கினால், பிள்ளை வேலைக்குப் போன பிறகும் அது வீட்டில் இருக்கும். டிராகனுக்குப் பத்து வருடம் போல.

இதை முதல் பல்லி என்று நான் சொல்வதற்குக் காரணம், நம் சின்னத் தவறுகளை இது தாங்கும். வாலில் கொழுப்பைச் சேர்த்துவைத்திருக்கும். வளர்ந்ததுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை சாப்பாடு போதும், நாலு நாள் வெளியூர் போகலாம். 3 அடி நீளக் கூண்டு, ஒரு பக்கம் 32 முதல் 35 டிகிரி சூடான தரை, மறுபக்கம் 25, ஒளிந்துகொள்ள மூன்று இடம். அதில் ஒன்றுக்குள் ஈரப் பாசி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் உரியும்போது விரல் நுனியில் சட்டை இறுகி விரலே போய்விடும். கனடா குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி ஓடி வீட்டுக் காற்று காய்ந்துபோகிறது, அப்போது இந்த ஈர மூலையை வாரம் இரண்டு முறையாவது தொட்டுப் பாருங்கள். சூடு தரும் எந்தச் சாதனமாக இருந்தாலும், சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். சூடேறும் செயற்கைக் கல் ஒன்று விற்கிறார்கள், வேண்டாம், வயிறு வெந்துபோகும்.

குறை என்ன? பகலெல்லாம் தூங்கும். பிள்ளை பள்ளியில் இருந்து வந்து நாலு மணிக்குப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, இருட்டியதும்தான் வெளியே வரும். அப்புறம், முழுக்க முழுக்கப் பூச்சி தின்னி. கீரை, பழம் எதையும் தொடாது. கிரிக்கெட் பூச்சி, மீல்வார்ம் புழு எல்லாம் உயிரோடு வேண்டும், அவற்றுக்குக் கால்சியம் பொடி தூவ வேண்டும், அதற்கு முந்தைய நாளே கேரட்டும் கீரையும் கொடுத்து அவற்றின் வயிற்றை நிரப்ப வேண்டும். கிரிக்கெட் பூச்சி டப்பாவில் இருந்து ஒன்று தப்பினால் இரவெல்லாம் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கத்தும். தின்னாமல் மிச்சம் விட்ட கிரிக்கெட் பூச்சியை இரவில் கூண்டிலேயே விடாதீர்கள், தூங்கும் பல்லியைக் கடிக்கும்.

பயந்தால் வாலை விட்டுவிடும். திரும்ப முளைக்கும், ஆனால் குட்டையாக, வழுவழுவென்று கிழங்கு மாதிரி.

மூன்றாவது கிரெஸ்டட் கெக்கோ. பசிபிக்கில் நியூ கலிடோனியா தீவில் மட்டும் உள்ளது. 1866இல் விவரித்துப் பெயர் வைத்தார்கள், பிறகு யார் கண்ணிலும் படாமல் அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 1994இல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். இன்று உலகம் முழுக்க வீடுகளில் இருப்பது அதற்கப்புறம் கூண்டில் பெருகியவை. கண்ணுக்கு மேலே இமைமயிர் மாதிரி முள் வரிசை. இமை இல்லை, நாக்கால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

இதன் சௌகரியம் உணவு. பழப் பொடியாக விற்கிறார்கள், தண்ணீரில் கெச்சப் பதத்துக்குக் கரைத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் சின்ன மூடியில் வைத்தால் நக்கிக்கொள்ளும். அவ்வப்போது பூச்சி கொடுத்தால் நல்லது, கொடுக்காவிட்டாலும் அந்தப் பொடியிலேயே வாழும். தனி ஹீட்டர் வேண்டாம், நமக்குச் சுகமான 22 முதல் 26 டிகிரிதான் அதற்கும் சுகம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, 2 அடி உயரம், உள்ளே செடியும் கிளையும், ராத்திரி தண்ணீர் தெளிப்பு. அவ்வளவுதான்.

ஆனால் 28 டிகிரி தாண்டினால் தவித்துப்போகும். ஏசி இல்லாத அடுக்குமாடி வீட்டில், ஆகஸ்டில் மேற்குப் பார்த்த அறையில் இதை வைக்காதீர்கள். கையில் எடுத்தால் நிற்காது, கையில் இருந்து கைக்கு, கையில் இருந்து அலமாரிக்குத் தாவும். வால் போனால் போனதுதான், முளைக்காது. வாலில்லாமலும் நன்றாகவே வாழும் என்றாலும் சின்னப் பிள்ளை தன்னால்தான் போனது என்று அழுது தீர்க்கும், என் மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அம்மா மதுரையில் இருந்து வந்து மூன்று மாதம் தங்கியிருந்தார். "தானா வர்ற பல்லியத் துரத்துறதே பெரும்பாடு, இதக் காசு குடுத்தா வாங்குனே?" என்றுதான் ஆரம்பம். இந்தக் கெக்கோ இரவில் சில சமயம் குரல் கொடுக்கும், டிக் டிக்கென்றும் சின்னக் குரைப்பாகவும். ஒரு நாள் ராத்திரி தங்கை கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது அது சத்தம் கொடுத்தது. அம்மா பேச்சை நிறுத்திவிட்டு, தரையில் விரலால் மூன்று தட்டு தட்டி, "கெழக்குப் பக்கந்தானே இருக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டி?" என்று கேட்டார். ஊருக்குப் போகும்போது தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை அவர்தான் நிரப்பி வைத்துவிட்டுப் போனார்.

எந்தப் பல்லியாக இருந்தாலும் சால்மொனெல்லா கிருமி குடலில் இருக்கலாம், பல்லிக்கு நோய் தெரியாது. 5 வயதுக்குக் கீழ் குழந்தை, வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் யோசித்துச் செய்யுங்கள். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, பல்லியின் தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவாமல் இருப்பது, முத்தம் கொடுக்காமல் இருப்பது, இதெல்லாம் எங்கள் வீட்டில் சட்டம். ஊர்வனவற்றுக்குப் பார்க்கும் மருத்துவர் பக்கத்தில் இருக்கிறாரா என்பதைப் பல்லி வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

பச்சை இகுவானாவைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். குட்டியாக இருக்கும்போது உள்ளங்கையில் பச்சை இலை மாதிரி அழகாக இருக்கும். மூன்று நாலு வருடத்தில் ஐந்து அடி. ஒரு அறையையே கொடுக்க வேண்டும், வாலால் சாட்டை மாதிரி அடிக்கும். வேண்டாம் என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல எதுவுமில்லை.

சென்னையில், கோயம்புத்தூரில் இருந்து படிப்பவர்கள் இதைக் கவனமாகப் பாருங்கள். அங்கே கதை வேறு. உடும்பு, பச்சோந்தி போன்ற நம் ஊர்ப் பிராணிகளை வீட்டில் வைப்பது குற்றம். வெளிநாட்டு இனங்களுக்கும் விதி வந்துவிட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச உடன்படிக்கையின் (CITES) பட்டியல்களில் உள்ள உயிரினம் எதை வைத்திருந்தாலும் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன, மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், குட்டி பிறந்தாலும், இறந்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். இகுவானா அந்தப் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து பெட்டியில் மறைத்துக் கொண்டுவந்த பல்லிகளைச் சென்னை விமான நிலையத்தில் பிடித்த செய்தி அடிக்கடி வருகிறது. பெட்டிக்குள் காலுறையில் திணித்துக் கொண்டுவரும் அந்தப் பிராணிகளில் பல வழியிலேயே செத்துப்போகின்றன. காகிதம் காட்ட முடியாதவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

இனி குஞ்சு பொரிக்கும் விஷயம். ஜோடியாக வாங்கலாமா என்று சித்தி மகளும் கேட்டாள், துணை இல்லாமல் ஒற்றையாக இருந்தால் பாவமில்லையா என்று. பாவமில்லை. இந்த மூன்றும் தனியாக இருக்கும் பிராணிகள். இரண்டு ஆண்களைச் சேர்த்து வைத்தால் கடித்துக்கொள்ளும். ஆணையும் பெண்ணையும் எப்போதும் ஒரே கூண்டில் விட்டால் ஆண் விடாமல் துரத்தும், பெண் முட்டையிட்டு முட்டையிட்டே தேய்ந்துபோகும்.

முட்டை வைக்கத்தான் வேண்டும் என்றால் மூன்றில் லெப்பர்ட் கெக்கோதான் சமாளிக்கக்கூடியது. ஒரு தடவைக்கு இரண்டு முட்டை, ஒரு பருவத்தில் பல தடவை. எங்கள் பெண் கெக்கோவுக்கு ஒன்றரை வயதும் 55 கிராம் எடையும் ஆன பிறகுதான் ஆணோடு விட்டோம், அதுவும் சில நாள் மட்டும். முட்டை கோழி முட்டை மாதிரி கெட்டி ஓடு இல்லை, தோல் மாதிரி மெத்தென்று இருக்கும். எடுத்ததும் மேல்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஒரு நாளுக்கு மேல் ஆன முட்டையைத் திருப்பினால் உள்ளே கரு மூழ்கிச் செத்துவிடும். ஈரத்தைப் பிடித்துவைக்கும் வெர்மிகுலைட் துகளை நனைத்து, அதில் பாதி புதைத்து இன்குபேட்டரில் வைத்தோம். பத்து நாள் கழித்து இருட்டில் போன் டார்ச்சை அடியில் பிடித்துப் பார்த்தால், வெளிர் சிவப்பில் நூல் நூலாக இரத்தக் குழாய். மகள் மூச்சையே பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

லெப்பர்ட் கெக்கோவில் ஆணா பெண்ணா என்பதைச் சூடு தீர்மானிக்கிறது. 26 முதல் 28 டிகிரியில் பெரும்பாலும் பெண், 32 டிகிரி பக்கம் போனால் ஆண் அதிகம், இன்னும் ஏறினால் மறுபடி பெண். டிராகனில் வேறு விதம். அதற்கு ஆண், பெண்ணைத் தீர்மானிக்கும் குரோமோசோம் உண்டு, ஆனால் அடைகாக்கும் சூடு 32 டிகிரியைத் தாண்டினால் ஆண் குரோமோசோம் உள்ள முட்டையில் இருந்தும் பெண் வரும். காட்டிலேயே அப்படி நடக்கிறது என்று கான்பெரா பல்கலைக்கழகத்தார் 2015இல் நேச்சர் இதழில் காட்டினார்கள். எங்களுக்கு 27 டிகிரியில் 58ஆம் நாள் முட்டை வியர்த்து, கொஞ்சம் சுருங்கி, அடுத்த நாள் காலை நுனியில் கீறல். மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் அப்படியே இருந்தது. குட்டிக்குப் புள்ளி இருக்காது, கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக இருக்கும்.

ஆறு குட்டிகள் வந்தன. ஆறுக்கும் தனித்தனி டப்பா, தனித்தனி சூடு, தினமும் பொடி கிரிக்கெட் பூச்சி. நல்ல வீடு தேடி ஆறையும் கொடுத்து முடிக்க ஏழு மாதம் ஆனது. விற்ற காசு கிரிக்கெட் பூச்சிக்கே போதவில்லை. அப்படியிருக்க, டிராகனை நினைத்துப் பாருங்கள். ஒரு தடவைக்கு 20 முட்டை சர்வசாதாரணம், ஒரே முறை இணைந்து பல தடவை முட்டையிடும். குட்டிகள் ஒன்றன் வால் நுனியையும் விரலையும் மற்றொன்று கடித்துத் தின்னும், டிராகனுக்கு வால் திரும்ப முளைக்காது. அறுபது குட்டிக்கு இடம் உள்ள வீடு எனக்குத் தெரிந்து யாருக்கும் இல்லை. கிரெஸ்டட் கெக்கோ முட்டை அறைச் சூட்டிலேயே பொரியும் என்பதால் எளிது போலத் தெரியும். ஆனால் பெண் விந்தைச் சேமித்துவைத்துக்கொண்டு ஆண் இல்லாமலே மாதக்கணக்கில் இரண்டிரண்டாக இட்டுக்கொண்டே போகும், நாம் நிறுத்த நினைத்தாலும் நிற்காது.

நிறத்துக்காகப் பெருக்குவது இன்னொரு சங்கடம். லெப்பர்ட் கெக்கோவில் லெமன் ஃபிராஸ்ட் என்று எலுமிச்சை மஞ்சளில் ஒரு வகை வந்தது, ஆளாளுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கினார்கள். அந்த நிறத்தைத் தரும் மரபணு மாற்றமே தோலில் புற்றுக்கட்டியையும் தருகிறது என்று லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் கண்டறிந்தார்கள். எனிக்மா வகைக்குத் தலை ஒரு பக்கம் சாய்ந்து வட்டமாகவே சுற்றும் நரம்புக் கோளாறு. கிரெஸ்டட் கெக்கோவில் லில்லி ஒயிட் என்ற நிற வகை இரண்டை இணைத்தால் இரு பக்க மரபணுவும் சேர்ந்த குட்டி முட்டையிலேயோ பிறந்த உடனேயோ இறந்துவிடும். வாங்குவதென்றால்கூட இந்த நிறங்களைக் கேட்டு வாங்காதீர்கள். கேட்பவர் இருப்பதால்தான் பெருக்குகிறார்கள்.

அதனால் ஒற்றையாக, அதுவும் குட்டியாக இல்லாமல் வளர்ந்த ஒன்றாக, யாராவது வைத்துக்கொள்ள முடியாமல் கொடுப்பதை எடுங்கள் என்று சித்தி மகளிடம் சொன்னேன். படிப்பு முடிந்து ஊர் மாறும் மாணவர்கள், குழந்தை பிறந்த வீட்டார் என்று இங்கே எப்போதும் யாராவது கொடுத்துக்கொண்டேதான் இருப்பார்கள், பெரும்பாலும் கூண்டோடு. அவளுக்கும் ஒன்று அமைந்துவிட்டது. குவெல்ஃபில் படிப்பை முடித்த ஒரு பெண்ணிடம் இருந்து 6 வயது லெப்பர்ட் கெக்கோ, கூண்டு, விளக்கு எல்லாம் சேர்த்து. முதல் மூன்று நாள் ஒளிந்த இடத்தைவிட்டு அசையவில்லையாம். நான்காம் நாள் ராத்திரி ஏழரைக்கு வெளியே வந்து, பையன் இடுக்கியில் நீட்டிய மீல்வார்மை வாங்கிக்கொண்டதாம். தொலைபேசியில் அவன் கிசுகிசுத்துத்தான் பேசினான், சத்தம் போட்டால் அது உள்ளே போய்விடும் என்று.

கூண்டோடு வந்த தெர்மோஸ்டாட் 33 டிகிரி காட்டுகிறதாம், ஆனால் பல்லி எப்போதும் குளிர்ந்த பக்கமே படுத்திருக்கிறது என்கிறாள். அளவு பிசகியிருக்கும் என்று தோன்றுகிறது. என்னுடைய உஷ்ணமானியை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை போகிறேன்.